ஒழிந்தான் என்று சொன்னாய், மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளை,

இதை ஊரறிய எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. வாட்ஸாப்பில் நான் அனுப்பும் நீளமான செய்திகளை நீ திறப்பதே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை குரோம்பேட்டையில் உங்கள் வீட்டுக் கூடத்தில் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ மூன்றாம் படத்தின் நீண்ட பதிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கோபுர உச்சியில் வில்லனின் கையாள் கிரீமா அம்பு பட்டுச் சாய்ந்தான். “ஒழிந்தான்” என்று சொல்லிவிட்டு நீ மிக்சர் டப்பாவை எடுக்க எழுந்து போனாய். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் படம் அங்கேயே நின்றிருக்கும். உன் அம்மா இருவரையும் திட்டியிருப்பாள்.

எனக்கு அவன் வேறு வழியில் அறிமுகமானவன். 1999. லஸ் முனை நடைபாதையில் பழைய புத்தகக் குவியலில், அந்தப் படத்தின் மூலக்கதையான டோல்கீன் நாவலின் மூன்றாம் பாகம் மட்டும் கிடந்தது. முன்பக்கங்கள் கிழிந்து, முதுகில் பசை விட்டுப் போயிருந்தது. பதினைந்து ரூபாய். முதல் இரண்டு பாகங்கள் இல்லாமல் மூன்றாவதை வாங்குகிறவன் எவ்வளவு பெரிய முட்டாள் என்று கடைக்காரர் முகத்திலேயே தெரிந்தது. திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி அலுவலகம் போகும்போதும் வரும்போதும் படித்தேன். யார் எந்த ஊர் ராஜா, யாருக்கு யார் பகை, எதுவும் முழுதாக விளங்கவில்லை.

போரெல்லாம் முடிந்து எல்லோரும் ஊர் திரும்பும் வழியில் இரண்டு பிச்சைக்காரர்கள் எதிர்ப்படுகிறார்கள். முன்னால் கந்தல் அணிந்து கோல் ஊன்றிய கிழவர், போரில் தோற்ற மந்திரவாதி சாருமான். பின்னால் முனகிக்கொண்டு இழுபட்டுப் போகும் ஒருவன், அவன்தான் கிரீமா. ‘எப்போதும் அடியும் வசவும்தான், இவரை எவ்வளவு வெறுக்கிறேன், விட்டுப் போக முடிந்தால் தேவலை’ என்கிறான். ‘அப்படியென்றால் விட்டுப் போயேன்’ என்கிறார் நல்ல மந்திரவாதியான காண்டால்ஃப். அவன் ஒரு கணம் மிரண்டு பார்க்கிறான். அவ்வளவுதான். மறுபடி கிழவரின் பின்னால் ஒண்டிக்கொண்டு போகிறான். கோட்டை நிலையத்தில் இறங்க வேண்டியவன் அன்று கடற்கரை வரை போய்விட்டேன்.

அவன் செய்த குற்றம் எனக்குத் தெரிவதற்கு முன்பே அவன் பசி தெரிந்துவிட்டது. நீயோ முதலில் அவன் முகத்தைப் பார்த்தாய். பிராட் டூரிஃப் புருவமே இல்லாமல், வெளிறிய முகத்தோடு திரையில் வந்து நின்ற உடனேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. நடிப்பில் குறை சொல்ல மாட்டேன். சாருமானின் படைத்திரளைக் கண்டதும் அந்தக் கண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர் வழிகிறதே, அந்தக் காட்சி புத்தகத்தில் இல்லை. படம் தானாகச் சேர்த்தது. அதற்காக இயக்குநருக்கு ஒரு கும்பிடு.

இரண்டாம் பாகம் கன்னிமாரா நூலகத்தில் கிடைத்த பிறகுதான் அவன் வண்டவாளம் தெரிந்தது. ரோஹான் அரசன் தியோடனுக்கு ஆலோசகன். கைக்கூலி வாங்குவது சாருமானிடம். ஏயோமர், ஏயோவின் இருவரும் தியோடனின் சகோதரி பிள்ளைகள். அதாவது அவர் அவர்களுக்குத் தாய்மாமன், நான் உனக்கு இருப்பதைப் போல. மருமகன் சிறையில் கிடக்கிறான்; படத்தில் அதை நாடுகடத்தலாக மாற்றினார்கள். மருமகள் மீது கிரீமாவுக்குக் கண். அரசனின் வாளைத் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறான். வேறெந்தக் கொடுமையையும்விட அந்தப் பெட்டிதான் எனக்கு மறக்கவில்லை.

படத்தில் தியோடனின் உடம்புக்குள் சாருமான் புகுந்திருக்கிறான். காண்டால்ஃப் பேயோட்டுவதைப் போல ஓட்டுகிறார். புத்தகத்திலும் இடி இடிக்கிறது, அரண்மனை இருள்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தியோடனைச் சாய்த்தது பெரும்பாலும் பேச்சுதான். ‘உங்களுக்கு வயதாகிவிட்டது, வெளியே காற்று ஆகாது, கெட்ட செய்தி கொண்டுவருகிறவர்களை நம்பாதீர்கள்.’ மருந்தும் அதற்கேற்றதுதான்: எழுந்து வாசலுக்கு வா, காற்றில் நில், வாளின் பிடியைத் தொட்டுப் பார். பேய் என்று வைத்துவிட்டால் கிரீமாவுக்கு என்ன வேலை மிச்சம்? சும்மா பக்கத்தில் நிற்கும் எடுபிடி. கோள் சொல்லியே ஒரு ராஜ்யத்தைப் படுக்கவைத்தவனின் திறமையை அப்படியே திருடிவிட்டார்கள்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் முதலாளியின் அறைக்குள் தினமும் காலையில் முதலில் நுழையும் ஆள் ஒருவர் இருந்தார். “ஐயா முகம் வாடியிருக்கிறதே, சரியாகத் தூங்கவில்லையா?” என்றுதான் ஆரம்பிப்பார். ஆறே மாதத்தில் முதலாளி கிடங்குப் பக்கம் எட்டிப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்.

நம் கூனியை நினைத்துப் பார். கம்பன் அவளைச் சும்மா கொடியவள் என்று விட்டுவிடவில்லை. சிறுவயதில் இராமன் வில்லால் அடித்த உண்டை அவள் மனத்தில் கிடந்து உறுத்துவதாக ஒரு வரி வைத்தான். டோல்கீன் கிரீமாவுக்கு அப்படி எந்த முன்கதையும் தரவில்லை. அதற்குப் பதிலாகத் திரும்பத் திரும்ப ஒரு கதவைத் திறந்து வைக்கிறார். அரண்மனையில் தியோடன், என்னோடு போருக்கு வா, இல்லையென்றால் எங்கு வேண்டுமானாலும் போ என்கிறார். வேண்டுமானால் குதிரையும் உண்டு. காலடியில் காறித் துப்பிவிட்டு ஓடுகிறான். வழியில் காண்டால்ஃப் சொன்னதை எழுதிவிட்டேன்.

கடைசியாகக் கதாநாயகன் ஃப்ரோடோவின் ஊரான ஷயரில், அவன் வீட்டு வாசலில். நீ எனக்குக் கெடுதல் செய்ததாக நான் அறியேன், தங்கு, சாப்பிடு, உடம்பு தேறியதும் போ என்கிறான் ஃப்ரோடோ. கிரீமா நிற்கிறான். பாதி மனம் சாய்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சாருமான் சிரித்துக்கொண்டே, ஃப்ரோடோவின் உறவினன் லோத்தோவைத் தூக்கத்தில் குத்திக் கொன்றவன் இவன்தான் என்று போட்டுக் கொடுக்கிறான். இவனுடைய பட்டப்பெயர் வார்ம்டங், பாம்பு நாக்குக்காரன். பழைய ஆங்கிலத்தில் வார்ம் என்றால் பாம்பு. சாருமான் அதைச் சுருக்கி வெறும் ‘வார்ம்’ என்கிறான். இன்றைய ஆங்கிலத்தில் அது புழு. பாம்பு புழுவாகிவிட்டது. ‘நீங்கள்தானே செய்யச் சொன்னீர்கள்’ என்று அழுதவனின் முகத்தில் ஓர் உதை. அதற்குப் பிறகுதான் கிரீமாவின் கத்தி வெளியே வந்து சாருமானின் கழுத்தை அறுக்கிறது. ஃப்ரோடோ வாய் திறப்பதற்குள் ஊர்க்காரர்களின் மூன்று வில்கள் அதிர்கின்றன; கிரீமாவும் சாய்கிறான்.

1978இல் வந்த கார்ட்டூன் படம் பாதிக் கதையிலேயே நின்றுவிட்டதால் இந்த வாசல் வரை வரவில்லை. பிபிசியின் 1981 வானொலி நாடகம் வந்தது. நீ பார்த்த படம் ஷயர் அத்தியாயத்தையே விட்டுவிட்டு, இருவரையும் கோபுரத்திலேயே கொன்றது. 2003இல் திரையரங்குக்கு வந்தபோது அந்தக் காட்சிகூட இல்லை.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். படத்தில் ‘நீ ஒருகாலத்தில் ரோஹானின் மனிதன், இறங்கி வா’ என்று கீழிருந்து அழைப்பது தியோடன். ஃப்ரோடோவுக்கு இவன் செய்தது தெரியாது; தெரியாதவன் மன்னிப்பது சுலபம். தியோடன் அடிபட்டவர். அந்த ஒரு மாற்றத்தில் படம் ஒரு படி மேலே நிற்கிறது. நீ அப்போதுதான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

உன் அம்மா வெள்ளிக்கிழமை கபாலி கோயிலுக்கு வருகிறாளாம். புத்தகத்தைக் கொடுத்தனுப்புகிறேன். அதற்குள் ‘ஆறாம் புத்தகம்’ என்ற பகுதி, எட்டாம் அத்தியாயம். அந்தப் பக்கங்கள் தனியாகக் கழன்றுவிட்டன; ரப்பர் பாண்டைப் பார்த்து எடு.

அன்புடன்,
மாமா