இரவு எட்டு மணிக்குத் திரும்பி வரும் வழி

திருச்சி
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புள்ள செல்விக்கு,

இத்தாலிப் பயணத்தில் நீங்கள் தங்குவதற்கென்று நீ அனுப்பிய மூன்று வீடுகளின் படங்களையும் நானும் அம்மாவும் நேற்று இரவு உட்கார்ந்து பார்த்தோம். அம்மாவுக்குப் பிடித்தது இரண்டாவது வீடு. பொலோன்யாவுக்குத் தெற்கே குன்றின் மேல் இருக்கிறதே, அதுதான். தோட்டத்தில் அத்திமரம், சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஊர் முழுவதும் காலடியில் தெரிகிறது, வாடகையும் குறைவு. அந்த வீட்டை எடுக்காதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரி அப்பா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாய்.

மூன்று வருடங்களுக்கு முன் நாங்கள் இருவரும் அதே ஊரில், அதே போன்ற ஒரு குன்றின் மேல்தான் ஒரு வாரம் தங்கினோம். ஸ்டேஷனிலிருந்து பஸ்ஸில் 20 நிமிடம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அது பொய்யில்லை. காலையில் இறங்கிப் போகும்போது 20 நிமிடம்தான் ஆயிற்று. சனிக்கிழமை ஃபெர்ராராவுக்குப் போய்விட்டு இரவு எட்டு மணிக்குத் திரும்பினோம். தினமும் பஸ் ஏறும் நிறுத்தத்தில் போய் நின்றால், கம்பத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அந்த ஊரில் சனி, ஞாயிறுகளில் நடுவூர்ப் பெரிய தெருக்களை நடப்பவர்களுக்கு மட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். பஸ் எல்லாம் சுற்றிப் போகிறது. இத்தாலிய மொழியில் எழுதியிருந்த அந்தத் தாளை நான் எழுத்துக்கூட்டிப் படித்துப் புரிந்துகொள்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வேறொரு தெருவுக்கு நடந்து, அங்கே முக்கால் மணி நேரம் நின்று, பஸ் கிடைத்து, இறங்கிய பிறகு வீட்டுக்கு ஏற்றம் வேறு. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். வீட்டுக்குள் வந்து புடவையை முழங்காலுக்கு மேல் ஏற்றிப் பார்த்தால், வலது முழங்கால் இளநீர்க் காய் போல வீங்கியிருந்தது.

திங்கட்கிழமை ரவென்னாவுக்குப் போவதாக இருந்தோம். அம்மா வரவில்லை. "நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்" என்று என்னை அனுப்பிவிட்டாள். இதை உன்னிடம் நாங்கள் சொன்னதே இல்லை.

அதனால்தான் செல்வி, வீடு பார்க்கும்போது காலைக் கணக்கைப் பார்க்காதே. காலையில் எல்லாருக்கும் கால் நன்றாகத்தான் இருக்கும். தூங்கிவிட்ட நிலாவைத் தோளில் போட்டுக்கொண்டு மாப்பிள்ளையும், பையைத் தூக்கிக்கொண்டு நீயும், உங்கள் பின்னால் சம்பந்தியம்மாவும் ரயிலைவிட்டு இறங்கும் நேரத்தை நினைத்துப் பார். அந்த நேரத்தில் கதவு எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது, எத்தனை படி ஏற வேண்டும் என்று கேள். ஐந்து நாளில் நான்கு நாள் வெளியூர் போகிறவர்களுக்குத் தோட்டமும் அத்திமரமும் எதற்கு? அவற்றைப் பார்க்க நீங்கள் வீட்டில் இருக்கப் போவதே இல்லை.

ஊரைப் பற்றிச் சொல்கிறேன். நீ ஃபுளோரன்ஸில் தங்கலாமா என்று கேட்டிருந்தாய். சியேனாவும் லூக்காவும் பீசாவும்தான் உன் பட்டியல் என்றால் நானே ஃபுளோரன்ஸ்தான் என்று சொல்லியிருப்பேன். ஆனால் நீ எழுதியிருப்பது ரவென்னா, ஃபெர்ராரா, மோடெனா, அப்புறம் ஃபுளோரன்ஸ் ஒரு நாள். இதற்குப் பொலோன்யாவை விட்டால் வேறு ஊர் கிடையாது. விழுப்புரம் ஜங்ஷனில் பதினோரு வருடம் வேலை பார்த்தவன் நான். செங்கல்பட்டுப் பக்கம், விருத்தாசலம் பக்கம், கடலூர் பக்கம், காட்பாடி பக்கம், புதுச்சேரி பக்கம் என்று ஐந்து திசையிலும் வண்டி பிரியும் ஸ்டேஷன் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பொலோன்யா அப்படிப்பட்ட ஜங்ஷன். மிலான், வெரோனா, வெனிஸ், ரிமினி, ஃபுளோரன்ஸ் என்று எல்லாத் தடமும் அங்கே வந்து முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. மோடெனாவுக்கு அரை மணி நேரம், ஃபெர்ராராவுக்கு அதைவிடச் சற்றுக் கூட, ரவென்னாவுக்கு ஒன்றேகால் மணி நேரம். ஃபுளோரன்ஸுக்கு அதிவேக ரயிலில் 40 நிமிடம்கூட ஆகாது. 2009 இறுதியில் திறந்த அந்தத் தடம் ஏறக்குறைய முழுவதும் மலைக்குள் சுரங்கமாகவே போகிறது. ஜன்னல் ஓரம் வேண்டும் என்று நிலா அழுதால் அன்றைக்கு மட்டும் கவலைப்படாதே, பார்க்க ஒன்றும் இருக்காது.

டிக்கெட் விஷயம் சுருக்கமாக. பக்கத்து ஊர்களுக்குப் போகும் பாசஞ்சர் ரயில்களில் முன்பதிவே கிடையாது, எப்போது வாங்கினாலும் ஒரே விலை. காகித டிக்கெட்டாக இருந்தால் ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அபராதம். அதிவேக ரயிலுக்கு நாள் நெருங்க நெருங்க விலை ஏறும், ஃபுளோரன்ஸ் டிக்கெட்டை மட்டும் இப்போதே வாங்கிவிடு. "ஷோப்பெரோ" என்ற சொல்லை எங்காவது பார்த்தால் அது வேலைநிறுத்தம். அப்படி நடந்தாலும் வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் பாசஞ்சர் ரயில்களை ஓட்டியாக வேண்டும் என்று அங்கே ஏற்பாடு இருக்கிறது.

ஸ்டேஷனிலேயே இரண்டு இடத்தில் ஏமாந்துவிடக் கூடாது. அதிவேக ரயில்கள் நிற்கும் 16 முதல் 19 வரையான நடைமேடைகள் தரைக்கு வெகு கீழே இருக்கின்றன. எஸ்கலேட்டர் மேல் எஸ்கலேட்டராக இறங்க வேண்டும், பத்து நிமிடமாவது முன்னால் போய்விடு. இன்னொன்று, பலகையில் எண்ணுக்குப் பின்னால் "ஓவெஸ்த்" என்று இருந்தால் அது மேற்கு. ஒன்றாம் நடைமேடை வேறு, ஒன்று ஓவெஸ்த் வேறு. ஒன்றாம் நடைமேடையின் மேற்குக் கோடிக்குப் போய், அதற்கு அப்பால் தேட வேண்டும். முப்பத்து நான்கு வருடம் ரயில்வேயில் இருந்த நானே எண்ணை மட்டும் பார்த்து ஒரு வண்டியைத் தவறவிட்டேன்.

வெளியே வந்தால் சுவரில் ஒரு கடிகாரம் 10.25 மணியிலேயே நிற்கும். 1980 ஆகஸ்ட் 2 அன்று காலை அந்த நேரத்தில் காத்திருப்பு அறையில் குண்டு வெடித்து 85 பேர் இறந்தார்கள். விடுமுறைக்குப் புறப்பட்டுக் குழந்தைகளோடு வண்டிக்காகக் காத்திருந்தவர்கள். ஆம்புலன்ஸ் போதாமல் 37-ஆம் எண் நகரப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போ. என் பணிக்காலம் முழுவதும் காத்திருப்பு அறையைக் கடந்துதான் தினமும் என் மேஜைக்குப் போவேன். அந்தக் கடிகாரத்தின் முன்னால் நின்றபோது என்னால் சட்டென்று நகர முடியவில்லை.

இனி தெரு. ஸ்டேஷனுக்கு நேர் எதிரே வேண்டாம், இரவில் கொஞ்சம் கூச்சலும் நடமாட்டமும் இருக்கும். அங்கிருந்து பியாட்சா மஜ்ஜோரே என்ற பெரிய சதுக்கத்தை நோக்கி வியா இந்திபெந்தென்ட்சா என்று நேர்த் தெரு ஒன்று போகிறது. முழுவதும் நடந்தால் இருபது நிமிடம். அதன் முதல் பாதியில், மொந்தன்யோலா பூங்காவை ஒட்டிய சந்துகளில் பார். பகலில் நிலா ஓடியாடலாம். பக்கத்துத் திடலில் வெள்ளி, சனிக்கிழமைகளில் துணிச்சந்தை. இன்னும் உள்ளே பல்கலைக்கழகப் பக்கம், பியாட்சா வெர்தியைச் சுற்றி எடுத்துவிடாதே, மாணவர்கள் விடிய விடியத் தெருவில்தான் இருப்பார்கள். தண்டவாளத்துக்கு வடக்கே பொலோன்யினா என்ற பகுதி மலிவு. பணம் இடித்தால் அதுவும் சரிதான், சுரங்கப்பாதை வழியாக ஸ்டேஷனுக்கு நடந்தே வந்துவிடலாம்.

அந்த இந்திபெந்தென்ட்சா தெருவை நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் ஊர்ப் பழைய வீடுகளில் தெருத்திண்ணைக்கு மேல் தாழ்வாரம் இறங்கியிருக்குமே, அதை மாடியளவு உயர்த்தி, வீட்டுக்கு வீடு விடாமல் கோத்து, ஊர் முழுவதும் இழுத்துவிட்டால் எப்படி இருக்கும்? பொலோன்யா அப்படித்தான் இருக்கிறது. வீடு கட்டுகிறவர் தன் செலவில் முன்னால் தாழ்வாரமும் கட்ட வேண்டும் என்று 1288-லேயே நகரச் சட்டம் போட்டிருக்கிறார்கள். நடப்பவர்களுக்கு நிழலும் ஒதுக்கிடமும் ஆயிற்று, மேலே ஓர் அறையும் கூடிற்று. 2021-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். மழை கொட்டினாலும் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து சதுக்கம் வரை குடை விரிக்காமல் போகலாம். தரையும் வழவழப்பான தளம். பெட்டியின் சக்கரம் சிக்காது, சம்பந்தியம்மாவின் கால் இடறாது. அந்தக் குன்று வீட்டுக்கு விட்ட காசில் பாதியைக் கூடப் போட்டு இந்தத் தாழ்வாரத்துக்கு அடியில் ஒரு வீடு எடுத்திருந்தால், அன்று அம்மா நனைந்திருக்க மாட்டாள்.

நீ அனுப்பிய மூன்றாவது வீடு இடம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் மூன்றாவது மாடி, லிஃப்ட் பற்றிப் பேச்சே இல்லை. பழைய வீடுகளில் கூரை உயரம், அங்கே மூன்று மாடி என்றால் நம் வீட்டு ஐந்து மாடி. வீட்டுக்காரருக்கு எழுதி "அஸ்சென்சோரே" உண்டா என்று நேரடியாகக் கேள். தெருவிலிருந்து லிஃப்ட் வரைக்கும் எத்தனை படி என்றும் கேள், சில வீடுகளில் அதற்கே அரை மாடி ஏற வேண்டியிருக்கிறது. அடுப்பு இருக்க வேண்டும். சம்பந்தியம்மா சைவம் அல்லவா? அந்த ஊரில் தொர்த்தெல்லீனி என்றால் உள்ளே பன்றி இறைச்சி. தொர்த்தெல்லோனி என்றால் கொஞ்சம் பெரியது, பெரும்பாலும் உள்ளே பாலாடைக் கட்டியும் கீரையும். ஓர் எழுத்துதான் வித்தியாசம். வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுத் தருவார்கள், நன்றாக இருக்கும். இருந்தாலும் ஒவ்வொரு வேளையும் அவர் கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டாம். இரவு வந்து ஒரு குக்கர் சாதமும் ரசமும் வைத்துக் கொடு.

மாப்பிள்ளை கார் எடுக்கலாமா என்று கேட்டார் என்று எழுதியிருந்தாய். வேண்டாம் என்று நான் சொன்னதாகவே சொல். நடுவூருக்குள் அனுமதியில்லாத வண்டி நுழைந்தால் கேமரா படம் பிடித்துவிடும், பல மாதம் கழித்து அபராதச் சீட்டு வீட்டுக்கே வரும்.

தேதியையும் மாற்றப் பார். செப்டம்பர் கடைசி வாரம் வேண்டாம். அப்போது செர்சாயே என்ற செராமிக் ஓட்டுக் கண்காட்சி நடக்கும், உலகம் முழுவதிலுமிருந்து வியாபாரிகள் வந்து அறைகளையெல்லாம் பிடித்துவிடுவார்கள். வசந்த காலத்தில் குழந்தைகள் புத்தகக் கண்காட்சிக்கும் அழகுப் பொருள் கண்காட்சிக்கும் இதே கதை. எந்த வாரம் எடுத்தாலும் அப்போது கண்காட்சி ஏதும் இல்லையே என்று முதலில் பார்த்துக்கொள்.

ரவென்னாவுக்கு ஒரு முழு நாள் கொடு. கல்லா பிளாசிடியா கல்லறைக் கட்டடத்துக்கு முன்பதிவு வேண்டும், உள்ளே ஐந்து நிமிடம்தான் விடுவார்கள். வெளியே பார்த்தால் வெறும் செங்கல், நம் ஊர்க் குதிர் மாதிரி ஒடுக்கமாக. குனிந்து உள்ளே போனதும் இருட்டு. ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் மெல்லிய கல் பலகை பதித்திருக்கிறார்கள், அதன் வழியாகத் தேன் நிறத்தில் வெளிச்சம் வடிகிறது. கண் பழகியதும் மேலே பார்த்தேன். கரு நீல வானம், அதில் நூற்றுக்கணக்கான பொன் நட்சத்திரங்கள், எல்லாம் ஐந்தாம் நூற்றாண்டில் சிறு சிறு கண்ணாடித் துண்டுகளால் பதித்தவை. என் ஐந்து நிமிடத்தில் பாதி, பக்கத்தில் அம்மா இல்லையே என்று நினைப்பதிலேயே போய்விட்டது. அன்று இரவு அவளுக்குச் சொல்ல முயன்றேன். "என்ன நீலம்?" என்று கேட்டாள். சங்குப்பூ நீலமா, மயில் கழுத்து நீலமா என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நீ போகும்போது அவளுக்காக நன்றாகப் பார்த்துவிட்டு வா. புதிதாக ஏதாவது வீடு பார்த்தால் தெருப் பெயரை மட்டும் அனுப்பு, ஸ்டேஷனிலிருந்து வழியை நான் வரைபடத்தில் பார்த்துவிடுகிறேன்.

அம்மா முழங்கால் இப்போது பரவாயில்லை. நிலாவுக்கு முத்தம்.

அன்புடன்,
அப்பா