புளோரிடாவிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதத்தில் அப்பா சார்பில் ஒரு கேள்வி இருந்தது: தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரன் என்றால் மாதம் எவ்வளவு வரும்? மாதம் என்று எதுவும் வராது. இந்தத் தொழிலில் போகிற பணத்துக்குத்தான் ஒழுங்கு உண்டு; வருகிற பணத்துக்குக் கிடையாது.

நான் ஆடும் சிறு போட்டிகளில் பரிசுத்தொகையின் பெரும்பகுதி எங்கள் நுழைவுக் கட்டணத்திலிருந்தே திரட்டப்படுகிறது. எல்லோரும் பணம் கட்டுகிறோம், மேலே வந்த சிலர் அள்ளிக்கொண்டு போகிறார்கள். போன வாரம் எனக்கும் ஒரு பரிசு வந்தது. கட்டிய கட்டணத்தைவிடக் குறைவான பரிசு. பரிசு வாங்கினேன் என்பது உண்மை, சம்பாதித்தேன் என்றால் பொய். அப்பாவிடம் உண்மையை மட்டும் சொல்.

இந்தப் பத்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே. பாதி வீடு என் காரில்தான் இருக்கிறது. பின் இருக்கையில் கோல்ஃப் பை, ஈரக் காலணி, ஜன்னல் ஓரத்தில் காயும் கையுறைகள். போட்டி முடிந்த அன்றே அடுத்த ஊருக்கு ஓட்டிவிடுவேன், ஓர் இரவு வாடகை மிச்சமாகுமே என்று. நெடுஞ்சாலை ஓர விடுதியில் இரண்டு மூன்று பேர் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்வோம். பகிர்வது யாரோடு? அடுத்த நாள் எதிர்த்து ஆடப்போகிறவனோடுதான். அவன் அலாரம் அடித்து நான் எழுகிறேன், என் பற்பசையை அவன் எடுத்துக்கொள்கிறான், பிறகு இருவரும் போய் ஒரே இடத்துக்காக மோதுகிறோம். சில ஊர்களில் உள்ளூர்க் குடும்பங்கள் ஆட்டக்காரர்களுக்குத் தங்கள் வீட்டிலேயே ஓர் அறை கொடுக்கின்றன. அப்படிப்பட்ட வாரங்களில் நன்றாகத் தூங்குகிறேன், துணியும் துவைத்துவிடுகிறேன். கேடி, அதாவது பையைச் சுமந்து யோசனை சொல்லும் உதவியாளர், எனக்கு இல்லை. பெரிய ஆட்டக்காரர்கள் கேடிக்கு வாரச் சம்பளமும் கொடுத்து, பரிசிலும் பங்கு கொடுப்பார்கள். வென்றால் பத்து சதவீதம் என்பது வழக்கம். நான் என் பையை நானே சுமந்துகொண்டு, என்னையே திட்டிக்கொண்டு நடக்கிறேன்.

ஆனால் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் ஒரு குறையும் இல்லை. இங்கே கிரீன்களில், அதாவது குழியைச் சுற்றிப் பந்தை உருட்டும் இடங்களில், பெர்முடா புல். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும்; சாய்ந்த திசையில் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும், எதிர்த் திசையில் பாதியிலேயே நின்றுவிடும். நின்ற இடத்திலிருந்து பார்க்கும்போது புல் பளபளத்தால் அது நமக்கு அப்பால் சாய்ந்திருக்கிறது, கருத்துத் தெரிந்தால் நம்மை நோக்கி. சந்தேகம் வந்தால் குழியின் விளிம்பைப் போய்ப் பார்ப்பேன். ஒரு பக்கம் கத்தியால் வெட்டியதுபோல் சுத்தமாக இருக்கும், எதிர்ப்பக்கம் பிசிறடித்துக் கிடக்கும். பிசிறு இருக்கும் பக்கம்தான் புல் சாயும் பக்கம். இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. வயதான ஓர் ஆட்டக்காரர் ஒவ்வொரு குழியையும் குனிந்து பார்ப்பதை நானும் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

கோடையில் பிற்பகல் என்றால் இடி மின்னல். நீளமாக ஒரே ஒரு ஹாரன் ஒலித்தால் அடிக்க ஓங்கிய கையையும் நிறுத்திவிட்டு ஓட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு பந்தை அடித்தாலும் தண்டனை. மறுபடி தொடங்க இரண்டு சின்ன ஒலி. இடையில் மணிக்கணக்கில் காத்திருப்பு, ஈரத்துண்டின் நாற்றம், எல்லோரும் ஒருவர் ஸ்கோரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்ப்பது.

திங்கட்கிழமைத் தகுதிச் சுற்று பற்றிக் கேட்டிருந்தாய். அமெரிக்காவின் முதல் தட்டுத் தொடரான பிஜிஏ டூரின் பெரிய போட்டி வியாழக்கிழமை தொடங்கும். அதற்கு முன் திங்களன்று 18 குழி ஆடி, வந்திருக்கும் கூட்டத்திலிருந்து ஒரு சிலர் மட்டுமே உள்ளே போகலாம். கோல்ஃபில் அடி குறையக் குறைய நல்லது; 66 அடிகளில் முடித்தும் இடம் கிடைக்காமல் மூட்டை கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே போனால்கூட முதல் இரண்டு நாளில் கட் தாண்டாவிட்டால், அதாவது பின்தங்கியவர்களைக் கழிக்கும் கோட்டைத் தாண்டாவிட்டால், பரிசு ஒரு டாலர் கிடையாது. பிறகு ஏன் எல்லோரும் வருகிறோம்? அர்ஜுன் அத்வால் இருக்கிறாரே. 2010இல் பிஜிஏ டூரில் ஆடும் உரிமையை இழந்திருந்தவர், திங்கட்கிழமை ஆடித் தகுதி பெற்று, வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நடந்த விண்டம் சாம்பியன்ஷிப்பில் முதல் நாளே 61 அடித்தார். ஞாயிறன்று கோப்பையையும் வென்றார். பிஜிஏ டூர் போட்டியை வென்ற முதல் இந்தியர் அவர்தான். திங்கட்கிழமை வழியாக வந்து ஒருவர் வென்றது அதற்கு முன் 1986இல். 24 ஆண்டு இடைவெளி என்பதை யாரும் இங்கே பேசுவதில்லை. பேசினால் திங்கட்கிழமைகளில் ஆள் குறைந்துவிடும்.

நேர்வழி என்றால் க்யூ-ஸ்கூல் என்ற தகுதிப் போட்டி. பெயரில்தான் பள்ளிக்கூடம், கட்டணம் ஆயிரக்கணக்கான டாலர், பாடம் நடத்த ஆள் கிடையாது. கட்டம் கட்டமாக வடிகட்டி, கடைசியில் இங்கே புளோரிடாவின் போன்டே வீட்ரா பீச்சில் 72 குழி. 2013 முதல் 2022 வரை அதில் முதலிடம் பிடித்தாலும் இரண்டாம் தட்டு டூருக்குத்தான் போக முடியும். இப்போது முதல் ஐந்து பேருக்கு நேராகப் பிஜிஏ டூர் அட்டை, அதாவது அங்கே ஆடும் உரிமை. அடுத்து வருபவர்களுக்கு அந்த இரண்டாம் தட்டு, கார்ன் ஃபெர்ரி டூர். இந்த ஆண்டு நானும் விண்ணப்பிக்கிறேன். கட்டணத்தைச் சேர்த்துவைத்துவிட்டேன், அப்பா பணம் அனுப்ப வேண்டாம்.

ஸ்கோரை நீங்கள் கைப்பேசியிலேயே பார்க்கலாம், சுட்டி அனுப்புகிறேன். பார்ப்பதற்கு முன் அப்பாவிடம் ஒன்றை மட்டும் விளக்கிவிடு: இங்கே சிவப்பில் எண் தெரிந்தால் பாருக்கு (மைதானத்துக்கு நிர்ணயித்த அடிக்கணக்கு) கீழே, அதாவது நன்றாக ஆடுகிறேன் என்று பொருள். இல்லாவிட்டால் சிவப்பைப் பார்த்துப் பதறி, நான் நன்றாக ஆடும் நாளாகப் பார்த்து ஆறுதல் சொல்ல அழைத்துவிடுவார்.

உன் அன்புத் தம்பி