வன்னியின் மரம் அரியும் தொழிலை உயிரோடு காட்டும் அருங்காட்சியகம் அமைக்கக் கோரும் மனு

பெறுநர்:
அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம், முல்லைத்தீவு.

மதிப்புக்குரிய அரசாங்க அதிபர் அவர்களுக்கு,

ஒட்டுசுட்டானில் வசிக்கும் நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். காட்டில் மரம் அரியும் வாள் இழுத்துக் குடும்பம் காத்த ஒருவரின் மகன். கடந்த ஆண்டு அமெரிக்காவிலுள்ள மகளிடம் சென்றிருந்தபோது, மினசோட்டா மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரிலுள்ள வன வரலாற்று நிலையத்தைப் பார்த்தேன். 1900ஆம் ஆண்டுக் காலத்து மரவெட்டிகளின் முகாமொன்றை அங்கே மீள அமைத்து, படுக்கைக் கூடம், சமையற்கூடம், கொல்லன் பட்டறை, குதிரை லாயம் என ஒவ்வோரிடத்திலும் அக்கால உடையணிந்தவர்கள் அன்றைய வாழ்வை நடத்திக் காட்டுகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்திருந்தால் அங்கிருந்த மரம் அரியும் வாளைக் கடந்து போயிருப்பேன். இருவர் எதிரெதிரே நின்று இழுத்த ஓசையில் என் தகப்பனாரின் நினைவு வந்து நின்றுவிட்டேன்.

அங்கே நிலம் உறைந்த பின்னரே குதிரைகள் பனிப்பாதையில் குற்றிகளை இழுத்தன. பனி உருகியதும் ஆறு அவற்றைச் சுமந்தது. எங்கள் பாலையோ நீரில் மிதக்காத மரம். ஆதலால் மாரி ஓய்ந்து சேறு காய்ந்த பின்னரே வண்டில்கள் காட்டுக்குள் இறங்கின. குழிக்குள் ஒருவரும் மேலே ஒருவருமாக நின்று முதிரை மரத்தை அரிந்த முறையும், வாளின் பல்லைத் தீட்டும் பக்குவமும், மரத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே கோறை (பொந்து) உண்டா எனச் சொல்லும் காதும் இன்று எழுபது, எண்பது வயதைக் கடந்த சிலரிடமே எஞ்சியுள்ளன. 1905இல் காங்கேசன்துறையை எட்டிய புகையிரதப் பாதை வன்னிக் காட்டை ஊடறுத்தே சென்றது என்பதும், பாலை, தண்டவாளத்தின் கீழ் இடும் சிலிப்பர் கட்டைக்குப் பெயர்போன மரம் என்பதும் நான் கற்பித்த பிள்ளைகளில் அநேகருக்குத் தெரியாது.

ஆகவே, இத்தொழிலைச் செய்து காட்டும் அருங்காட்சியகம் ஒன்றுக்கு ஒட்டுசுட்டான் பிரதேசத்தில் அரை ஏக்கர் அரச காணியை ஒதுக்கி, வனவளத் திணைக்களத்துடன் கலந்துபேசி, காற்றில் சாய்ந்த மரங்களையும் நீதிமன்றால் அரசுடைமையாக்கப்பட்ட குற்றிகளையும் மட்டும் இதற்கு வழங்கி, தொழில் தெரிந்த முதியவர்களை நாட்கூலியுடன் அமர்த்தித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இதன் பெயரால் ஒரு மரமேனும் வெட்டப்படலாகாது. காணி கிடைக்கத் தாமதமாகுமாயின், கலாசார உத்தியோகத்தர் மூலம் அம்முதியவர்களின் கைவினையையும் பேச்சையும் உடனடியாக ஒளிப்பதிவு செய்விக்க வேண்டும். அதற்கு அடுத்த மாரி வரை காத்திருக்கலாகாது.

இடப்பெயர்வின்போது புதைத்துவிட்டு, மீள்குடியேறிய பின் தோண்டியெடுத்த என் தகப்பனாரின் வாளைத் தங்களிடம் கையளிக்க ஆயத்தமாக உள்ளேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள மனுதாரர்,
ஒட்டுசுட்டான்.