ஸ்கேன் செய்த பில் மின்னணு பில் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் என் மாமியாருக்கு நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் பித்தப்பைக் கல்லுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. காலை பத்து மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாங்கள் மார்த்தாண்டம் வந்து சேர்ந்தபோது இரவு ஒன்பதரை. மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் பில்லை அனுமதிப்பதற்காகவே பகல் முழுக்க உட்கார்ந்திருந்தோம்.

பில்லில் 'இதர வகை 6,400 ரூபாய்' என்று ஒரு வரி. காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கிளெய்ம் பார்க்கும் டிபிஏ அலுவலகம் அதற்கு விவரம் கேட்டது. இன்சூரன்ஸ் கவுண்டரில் இருந்த பெண் வார்டுக்கும் மருந்தகத்துக்கும் நடந்து, சீட்டுகளைச் சேர்த்து, ஸ்கேன் செய்து ஏற்றினார். இரண்டு மணி நேரம் கழித்து அடுத்த கேள்வி: ஒரு மருந்துச் சீட்டில் தேதி சரியாகத் தெரியவில்லையாம். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி இணையதளம், தனிக் கடவுச்சொல், தனிப் படிவம். மதியச் சாப்பாட்டுக்குக்கூட அவர் எழுந்து போகவில்லை.

கம்ப்யூட்டர் வழியாகப் போவதால் மட்டும் இது மின்பில் (கம்ப்யூட்டரே படித்துக்கொள்ளும் மின்னணு பில்) ஆகிவிடாது. ஸ்கேன் செய்த பில் வெறும் புகைப்படம். மறுமுனையில் ஒருவர் அதை வரிவரியாகப் படிக்க வேண்டும். ஒரு மருத்துவமனை கையுறையை மருந்துக் கணக்கில் எழுதும், இன்னொன்று ஆபரேஷன் தியேட்டர் கணக்கில், வேறொன்று 'இதர வகை'யில்.

இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. தேசிய சுகாதார ஆணையம் உருவாக்கிய என்எச்சிஎக்ஸ் என்ற கிளெய்ம் பரிமாற்றத் தளத்தில், மருத்துவமனை ஒரே பொது வடிவத்தில் விவரங்களை அனுப்பினால் அது உரிய காப்பீட்டு நிறுவனத்துக்குப் போய்ச் சேரும். காப்பீட்டு நிறுவனங்களையும் டிபிஏக்களையும் இதில் சேரும்படி காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2023 ஜூனிலேயே சொல்லிவிட்டது. டிஸ்சார்ஜ் அனுமதியை 3 மணி நேரத்துக்குள் தர வேண்டும், தாமதத்தால் கூடும் மருத்துவமனைச் செலவைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும் என்று 2024 மே மாதச் சுற்றறிக்கையும் வந்தது. அந்த 3 மணி நேரம் எப்போது தொடங்கியது என்று கவுண்டரில் கேட்டோம், யாருக்கும் தெரியவில்லை. பில் மின்வடிவில் போனால், போன நேரமும் பதில் வந்த நேரமும் தானாகப் பதிவாகும்.

வணிகத்தில் இது புதிதல்ல. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய வியாபாரிகள், இன்னொரு வியாபாரிக்குச் சரக்கு விற்கும்போது 2023 ஆகஸ்ட் முதல் ஒரே வடிவ மின்பில்தான் போடுகிறார்கள். சிகிச்சைக்கு ஜிஎஸ்டி இல்லாததால் அந்த விதி மருத்துவமனைகளைத் தொடவில்லை. ரப்பர் ஷீட்டுக்கு முடிகிற காரியம் நோயாளிக்கு ஏன் முடியாது?

குமரிக்காரர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பெரிய நோய் என்றால் திருவனந்தபுரத்துக்கு ஓடுகிறோம். அங்கே கையிலிருந்து கட்டிவிட்டு அப்புறம் பணத்தைத் திரும்பக் கேட்க, என் அண்ணன் ஒரு கட்டுக் காகிதத்தைக் கூரியரில் அனுப்பினார். அதில் பாதி மருந்துச் சீட்டுகள் வெயிலில் எழுத்து மங்கிப் போனவை. ஆவணங்களை மருத்துவமனையிடமிருந்தே வாங்க வேண்டும், பாலிசிதாரரிடம் கேட்கக் கூடாது என்று ஐஆர்டிஏஐயின் அதே சுற்றறிக்கை சொல்வது அவருக்குத் தெரியாது. கேரள எல்லையான களியக்காவிளை தாண்டினாலும் டீக்கடையில் அதே க்யூஆர் கோடு வேலை செய்கிறது. பில்லுக்கு மட்டும் எல்லை எதற்கு?

ஆனால் மருத்துவமனைக்கும் நிறுவனத்துக்கும் நடுவே மின்பில் ஓடினால் மட்டும் போதாது. அதே பில் நோயாளியின் கைக்கும் வர வேண்டும். எந்த வரியில் எவ்வளவு வெட்டினார்கள், ஏன் வெட்டினார்கள் என்பது தமிழில் இருக்க வேண்டும். எங்களிடம் கடைசியில் 11,300 ரூபாய் கட்டச் சொன்னார்கள். பாலிசி அனுமதித்ததைவிட வாடகை கூடிய அறையில் இருந்ததால், டாக்டர் கட்டணத்திலும் அதே விகிதத்தில் குறைத்துவிட்டார்களாம். படுக்கை தேடிய அன்றைக்கே இதைச் சொல்லியிருந்தால் சாதாரண அறையே எடுத்திருப்போம். போன் இல்லாத பெரியவர்களுக்கு இதை அச்சடித்தும் தர வேண்டும்.

குலசேகரம், கருங்கல் பக்கத்துச் சிறிய மருத்துவமனைகளில் கணக்கு பார்ப்பவர் பெரும்பாலும் ஒருவர்தான். அவருக்குப் பயிற்சி கொடுக்காமல் உத்தரவு மட்டும் போட்டால், நோயாளியிடம் வாங்காமல் காப்பீட்டு நிறுவனத்திடமே பணம் வாங்கும் கேஷ்லெஸ்ஸே வேண்டாம் என்று ஒதுங்கிவிடுவார்கள். மாவட்ட நிர்வாகம் அந்தப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

நம் மாவட்டத்தில் எந்தெந்த மருத்துவமனைகள் என்எச்சிஎக்ஸில் சேர்ந்து, உண்மையிலேயே அதன் வழியாக பில் அனுப்புகின்றன என்ற பட்டியலைத் தங்கள் பத்திரிகை கேட்டு வாங்கி வெளியிட வேண்டும். அடுத்த முறை எங்கே போவது என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மார்த்தாண்டம்