அவர் கை பழகியது திருகோணமலையில்தான்

ஆசிரியர் அவர்களுக்கு, கடந்த ஞாயிறு இதழில் எங்கள் ஊர் ஓவியர் பற்றி வந்த கட்டுரையைக் கண் கலங்க வாசித்தேன். ஆனால் அவர் வெளிநாடு போன பிறகே ஓவியம் கற்றார் என்று எழுதியிருப்பது சரியல்ல. 1980களின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் ஒரே டியூட்டரியில் படித்தோம். வகுப்பு முடிந்ததும் அவர் பெயர்ப்பலகை எழுதும் கடையொன்றுக்கு வேலைக்குப் போய்விடுவார், அப்புறம் மாலையில் பெயின்ற் காயாத விரல்களோடு பிரட்றிக் கோட்டைக்கு வந்து, அங்கே மேயும் புள்ளிமான்களைப் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கரித்துண்டால் வரைவார். முதலில் கால்களைத்தான் வரைவார். மான் நிற்கப்போகிறதா ஓடப்போகிறதா என்பது காலில்தான் தெரியும் என்பார். எனக்குத் தந்த இரண்டு தாள்களில் ஒன்று 1990இல் இடம்பெயர்ந்தபோது வீட்டோடு போய்விட்டது, மற்றது அம்மாவின் சேலை மடிப்புக்குள் இருந்ததால் தப்பியது.

இப்படி எத்தனை வீடுகளில் எத்தனை தாள்கள் கிடக்கின்றனவோ! அவரோடு பழகியவர்கள் எல்லோருக்கும் அறுபது வயதாகிறது, நாங்களும் போய்விட்டால் கேட்டு எழுத ஆள் இருக்காது. ஆகவே நகரின் பொது நூலகத்தில் ஒரு சுவரை ஒதுக்கி, அந்த ஆரம்பகாலப் படங்களைத் திரட்டி வைக்கலாம். என்னிடமுள்ள மான் படத்தை முதலாவதாகக் கொடுக்கிறேன்.

– வாசகர் ஒருவர், திருகோணமலை