சலுகை வட்டியும் கடல் வருமானமும்: ஜீனத்துக்கு ஒரு கடிதம்

தங்கச்சிமடம்

அன்புள்ள ஜீனத்,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததில் நிம்மதி. அதற்காக மருந்தை நிறுத்திவிடாதே. உன் பிடிவாதம் எனக்குத் தெரியும். இங்கே எல்லோரும் நலம். காற்றுத்தான் ஓயவில்லை. மாடியில் துணி காயப்போட்டால் பக்கத்துத் தெருவில் போய்த் தேட வேண்டியிருக்கிறது.

நீ எழுதியது முழங்காலுக்காக இல்லை, மகனுக்காக என்பது இரண்டாவது பக்கத்திலேயே புரிந்துவிட்டது. ஒரு வங்கியின் கிரெடிட் கார்டில் நிற்கும் பாக்கியை இன்னொரு வங்கியின் கார்டுக்கு மாற்றிக்கொண்டால் ஆறு மாதத்துக்கு மாதம் 0.99 சதவீதம்தான் வட்டியாம், கூட்டுறவு வங்கியில் காலமெல்லாம் குப்பை கொட்டியவள் நீ, ஒரு வார்த்தை சொல் என்று கேட்டிருக்கிறாய். ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் போனிலேயே சொல்லியிருப்பேன். என் அக்காள் மகன் அந்தோணி இதே போன்ற சலுகை ஒன்றை எடுத்து, இரண்டு நாள் தாமதத்தில் பறிகொடுத்தான். அதைக் கேட்டுவிட்டு முடிவு செய்.

கடலுக்குப் போகிறவனுக்குக் கார்டா என்று நினைப்பாய். வைப்புநிதியை ஈடாக வைத்தால் யாருக்கும் கொடுக்கிறார்கள். அதை அவன் ஒழுங்காகக் கட்டி வந்ததைப் பார்த்து, இன்னொரு வங்கி தானாக வந்து ஈடு எதுவும் கேட்காமல் இன்னொரு கார்டை நீட்டியது. மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுக்காரர்களுக்கு வரவு நின்று செலவு தொடங்கும் காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அப்போதுதான் படகைக் கரையேற்றி, இற்றுப்போன பலகையை மாற்றி, எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பார்கள். அரசு கொடுக்கும் 8,000 ரூபாய் நிவாரணம் வீட்டு அரிசிக்கும் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கும் சரியாகிவிடும். எஞ்சின் சாமான்களைப் பழைய கார்டில் வாங்கினான். மாதத்துக்கு மூன்றரை சதவீதம் வட்டி. திணறிக்கொண்டிருந்தபோது புதுக் கார்டுக்காரர்கள் போன் செய்து, பாக்கியை எங்களிடம் மாற்றுங்கள் என்றார்கள். மாற்றினான்.

கணக்கு என்று பார்த்தால் அவன் செய்தது தவறே இல்லை. 90,000 ரூபாய்க்கு 0.99 சதவீதம் என்றால் மாத வட்டி 891 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 160. ஆக 1,050 சொச்சம். மூன்றரை சதவீதத்தில் அதே தொகைக்கு வட்டி 3,150, ஜிஎஸ்டி 567, மொத்தம் 3,717. மாற்றும்போது ஒரு கட்டணம் பிடித்துக்கொண்டார்கள். அதைக் கழித்தாலும் லாபம்தான். என்னிடம் முன்கூட்டிக் கேட்டிருந்தாலும் எடுத்துக்கொள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கார்த்திகையில் காற்று எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கை இருந்தால் மீன்வளத்துறை கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்காது, டோக்கன் இல்லாமல் படகு நகராது. அது ஓய்வதற்குள் வேலைநிறுத்தம். இலங்கைக் கடற்படை படகுகளைப் பிடித்துக்கொண்டு போனால் இங்கே மற்றவர்கள் கடலுக்குப் போகாமல் நிற்பது வாடிக்கை. எல்லாம் முடிந்து அவன் கடலுக்குப் போய், இறாலும் கிடைத்து, வியாபாரி பணத்தைக் கையில் கொடுத்தபோது திங்கட்கிழமை. கார்டுக்குக் கடைசித் தேதி சனிக்கிழமை. பணம் கைக்கு வந்த திங்கட்கிழமை மாலையே கட்டிவிட்டான். தாமதக் கட்டணம் விழவில்லை. மூன்று நாள் அவகாசம் உண்டு என்று எங்கோ கேள்விப்பட்டிருந்ததால், தப்பித்தோம் என்று இருந்தான்.

அடுத்த மாதப் பட்டியலில் வட்டி மூன்றரைக்கு ஏறியிருந்தது. கார்டை விற்கும்போது தேனாகப் பேசியவர்கள் இப்போது, விதிமுறைப்படி தேதி தவறினால் சலுகை ரத்து என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த விதிமுறை இருந்தது உண்மைதான். நான் வாங்கிப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில், சர்க்கரை டப்பாவைக் கண்டுபிடித்த எறும்புகள்போல் ஊர்ந்துகொண்டிருந்த எழுத்துகளுக்கு நடுவில் இருந்தது.

அந்த மூன்று நாள் அவகாசம் என்ன என்று உனக்குச் சொல்லிவிடுகிறேன், பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. ரிசர்வ் வங்கி 2022-இல் கார்டுகளுக்கென்று விரிவான விதிகள் போட்டது. கடைசித் தேதி போய் மூன்று நாளுக்கு மேல் பாக்கி நின்றால்தான் தாமதக் கட்டணம் போடலாம், யார் ஒழுங்காகக் கடன் கட்டுகிறார்கள் என்று பதிவு வைத்திருக்கும் கடன் தகவல் நிறுவனங்களுக்கும் அப்போதுதான் தெரிவிக்கலாம் என்பது அதில் ஒன்று. அவ்வளவுதான். சலுகை வட்டி உனக்கும் வங்கிக்கும் இடையிலான தனி ஒப்பந்தம். அது அந்த ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தேதியைத்தான் பார்க்கும். அபராதத்திலிருந்து காப்பாற்றும் மூன்று நாள், சலுகையைக் காப்பாற்றாது.

உன் பெரியவள் அமெரிக்காவில்தானே இருக்கிறாள், அவளைக் கேட்டுப் பார். அங்கே 2009-இல் கார்டுகளுக்குத் தனிச் சட்டம் வந்தது. ஏற்கெனவே நிற்கும் பாக்கிக்கு, 60 நாளுக்கு மேல் கட்டாமல் விட்டால்தான் சலுகைக் காலம் முடியும் முன்பே வட்டியை ஏற்ற முடியும். ஏற்றிய பிறகும் தொடர்ந்து ஆறு மாதம் தேதி தவறாமல் கட்டினால் பழைய வட்டிக்கே கொண்டுவர வேண்டும். 60 நாள்! நம் தடைக்காலத்துக்கு ஒரே ஒரு நாள்தான் குறைச்சல். இங்கேயோ வட்டிக்கு மேல்வரம்பே கிடையாது. 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிக முறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. மாதம் மூன்றரை என்றால் ஆண்டுக்கு 42. மாதக் கணக்கில் சொன்னால் சின்னதாகத் தெரியும் என்பதால்தான் மாதக் கணக்கில் சொல்கிறார்கள்.

அந்தோணியின் அப்பா, என் அத்தான், இதைக் கேட்டுவிட்டு ஒரே பேச்சாக, இதற்கு வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கலாம் என்றார். அவரிடம் அன்று முழுக்க வாதாடினேன். இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. வியாபாரி முன்பணத்துக்கு வட்டி என்று ஒரு பைசா எழுத மாட்டார். தேதியும் கிடையாது. காற்று அடித்தால் அவருக்கும் தெரியும், அவர் வீட்டு மாடியிலும் அதே காற்றுத்தானே. ஆனால் பிடித்துவரும் இறாலை அவருக்கு மட்டுமே போட வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு. பக்கத்துப் படகு கிலோவுக்கு ஐம்பது ரூபாய் அதிகமாக விற்றாலும் வாய் திறக்க முடியாது. அசலைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றால் அவருக்குக் கோபம் வரும். கடன் தீர்ந்தால் மீன் போய்விடுமே. அத்தான் இருபது வயதில் வாங்கிய முன்பணத்தை மகன் தலையில் வைத்துவிட்டுத்தான் கரையில் உட்கார்ந்தார். அதிலிருந்து வெளியே வரத்தான் அந்தோணி வங்கிப் பக்கமே போனான். அவனைப் போய்ப் பழைய இடத்துக்கே அனுப்பலாமா?

ஆனால் அத்தான் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறுக்க முடியவில்லை. கார்டுக் கடன் மாதச் சம்பளக்காரனுக்காகத் தைத்த சட்டை. முதல் தேதி சம்பளம் வருகிறவனுக்கு ஐந்தாம் தேதி கெடு ஒரு பொருட்டே இல்லை. வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போய், அதிலும் எந்த நாள் போக முடியும் என்பது காற்றின் கையிலும் இரண்டு அரசாங்கங்களின் கையிலும் இருப்பவனுக்கு அந்தத் தேதி எப்படிப் பொருந்தும்? தானாகப் பணம் எடுத்துக்கொள்ளும்படி வங்கிக் கணக்கில் எழுதிக் கொடுத்தால் ஆயிற்றே என்று நீ கேட்பாய். கணக்கில் பணம் இருந்தால்தான் எடுக்கும். இல்லாவிட்டால் அது திரும்பியதற்கு ஒரு கட்டணம் போடும்.

நான் சும்மா விடவில்லை. அவன் பெயரில் வங்கிக்குப் புகார் எழுதினேன். தேதி தவறினால் சலுகை போய்விடும் என்பதைப் போனில் விற்றபோது சொன்னீர்களா, சொன்னதற்கு ஒலிப்பதிவு இருக்கிறதா என்று கேட்டேன். 30 நாளுக்குள் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம் என்பதையும் கடைசி வரியில் மரியாதையாகக் குறிப்பிட்டேன். அந்த வரிக்கு மதிப்பு இருந்தது. சலுகையைத் திருப்பித் தரவில்லை. ஒரு மாத வித்தியாசத்தை மட்டும் நல்லெண்ண அடிப்படையில் வரவு வைத்தார்கள். ஒலிப்பதிவு பற்றி மூச்சுவிடவில்லை. மேலே போகலாம் என்றேன். அந்தோணிக்கு அதற்குப் பொறுமை இல்லை.

கடைசியில் அவன் மனைவியின் சங்கிலிதான் கைகொடுத்தது. நகைக்கடனுக்கு நானும் கூடப் போனேன். மதிப்பீட்டாளர் சங்கிலியை உரைகல்லில் தேய்த்துப் பார்த்துவிட்டு, தராசில் வைக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார். கொக்கிக்குப் பக்கத்தில் அறுந்த கண்ணி ஒன்றை அவள் சிவப்பு நூலால் சுற்றிக் கட்டியிருந்தாள். நூலின் எடை சேரக் கூடாதே. அவர் குண்டூசியால் அதை நெம்பி நெம்பி அவிழ்த்தார், அவள் கையை நீட்டினாள், நூலைத் திருப்பிக் கொடுத்தார். வட்டி ஆண்டுக்குப் பன்னிரண்டு சதவீதத்துக்கும் கீழே. கார்டுப் பாக்கி அன்றே முழுதாகத் தீர்ந்தது. கார்டையும் மூடச் சொல்லி எழுதிவிட்டோம். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும் என்பதும் அதே 2022 விதிகளில் வந்ததுதான். இரண்டாம் நாளே மூடிவிட்டார்கள். வட்டியை ஏற்றுவதிலும் இதே சுறுசுறுப்புத்தான்.

இனி உன் மகன் விஷயம். அவன் அந்தோணி இல்லை. சென்னையில் மாதச் சம்பளம், வாடகை வீடு, இன்னும் கல்யாணமும் ஆகவில்லை. எடுக்கலாம் என்றுதான் சொல்வேன், ஆனால் சில விஷயங்களை அவனிடம் நீ கேட்க வேண்டும். பாக்கியை ஆறு மாதத்துக்குள் அடைக்க முடியுமா? முடியாது என்றால், ஏழாம் மாதம் மூன்றரை சதவீதம் காத்துக்கொண்டிருக்கிறது. வேதனையைத் தள்ளிப்போட்டதற்கு ஒரு கட்டணமும் கொடுத்ததாகிவிடும். தேதி தவறினால் என்ன ஆகும் என்பதை வாயால் அல்ல, எழுத்தில் வாங்கச் சொல். கெடு தேதி சம்பளத்துக்கு முன்னால் விழுந்தால், பட்டியல் போடும் தேதியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். அந்த உரிமை அவனுக்கு உண்டு. கெடுவுக்கு முந்தின நாள்வரை காத்திருந்து கட்டும் பழக்கத்தையும் விடச் சொல். வங்கிக்குப் பணம் போய்ச் சேர்ந்த நாள்தான் கணக்கு.

இதைவிட முக்கியமானது ஒன்று. மாற்றிய பாக்கி நிற்கும்வரை அந்தக் கார்டில் ஒரு டீ கூட வாங்கக் கூடாது. முழுப் பாக்கியும் கட்டாத கார்டில் புதிதாக வாங்கும் பொருளுக்கு, வட்டியில்லா நாட்கள் என்ற பேச்சே கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே சாதாரண வட்டி ஓடும். சலுகை பழைய பாக்கிக்கு மட்டும்தான். அந்தோணி நடுவில் வலைக்குக் கயிறு வாங்கி, அதற்குத் தனியாக அழுதான்.

வேறு செய்தி என்ன? பாம்பன் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்ததிலிருந்து ரயில் மறுபடியும் ராமேஸ்வரம்வரை வருகிறது. 2022 கடைசியில் நிறுத்தியபிறகு மண்டபத்தில் இறங்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாயே, அந்தத் தொல்லை இனி இல்லை. கப்பல் வந்தால் பாலத்தின் ஒரு பகுதி அப்படியே மேலே எழும்புவதைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. உன் முழங்காலுக்கு இனி சாக்குச் சொல்லாமல் ஒரு பத்து நாள் வந்து இரு.

குண்டு மிளகாய் இந்த முறை நல்ல காய்; இரண்டு கிலோ உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். கருவாடும் வேண்டும் என்றால் முன்னாலேயே எழுது. போன தடவை மாதிரி கடைசி நேரத்தில் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தால் ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் சண்டைக்கு வருவார்.

மகனிடம் அந்த விதிமுறைத் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல். சம்மதம் சொல்வது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

அன்புடன்,
ரோஸ்லின்