பாலாஜியோடு சண்டை, ஓட்டு உன் கையில்

அன்புள்ள முரளி,

நலம்தானே? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று ரேவதி சொன்னாள், சந்தோஷம். இங்கே மழை இன்னும் வரவில்லை, கொசு மட்டும் வந்துவிட்டது.

எழுதக் காரணம் பாலாஜி. டிசம்பரில் நம் செட் கூடும்போது போடப்போகிற மலரில் ‘நம் காலத்து ஷேர்வேர்களுக்கு விருது’ என்று ஒரு பக்கம் வைக்கலாம் என்றது அவன்தான். ஷேர்வேர்தான், சும்மா ஓட்டிப் பார், பிடித்தால் காசு கொடு என்று வருமே, அந்த புரோகிராம்கள். தேர்வுக் குழு: அவன், நான், நீ. உன்னைக் கேட்கவில்லை, வழக்கம்போல. அரை மணி நேர வேலை என்றுதான் ஞாயிற்றுக்கிழமை ஆதம்பாக்கம் போனேன். சாப்பிடாமல் திரும்பி வந்தேன் என்றால் பார்த்துக்கொள்.

அவன் முதல் இடம் வின்ராருக்கு என்கிறான், கோப்புகளைச் சுருக்கிக் கட்டுமே, அதற்கு. நாற்பது நாளில் வாங்கு, இல்லையென்றால் அழித்துவிடு என்று சொல்லிவிட்டு நாற்பது வருஷமானாலும் ஓடுகிற பெருந்தன்மை வேறு எதற்கு உண்டு என்று கேட்கிறான். ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்த ஒவ்வொரு மெஷினிலும் இருந்ததே! இருந்தது, சரி. எல்லாரிடமும் இருந்ததற்கு விருது என்றால் வைரஸுக்கும் கொடுக்க வேண்டியதுதான்.

கோப்புகளை அடுக்கி நகர்த்துகிற டோட்டல் கமாண்டருக்கு இரண்டாமிடம் என்பதில் மட்டும் தகராறு இல்லை. திறக்கும்போதெல்லாம் ‘1, 2, 3-இல் ஒன்றை அழுத்து’ என்று நம் உயிரை வாங்குமே, அதேதான். ஆனால் ஒருமுறை காசு கொடுத்தவனுக்குப் புதுப் பதிப்புகளை இன்றுவரை சும்மா தருகிறார், அந்த சுவிட்சர்லாந்துக்காரர் கிஸ்லர்.

முதல் இடம் பிகேஜிப்புக்கு என்றேன், அதுவும் கோப்பு சுருக்குவதுதான். அவ்வளவுதான், பாலாஜி எழுந்து நின்றுவிட்டான். “திருடினவனுக்கு விருதா?”

உனக்கு அந்தக் கதை ஞாபகம் இருக்கும். ஹெண்டர்சன் எழுதிய ஆர்க் என்ற கோப்பு சுருக்கும் புரோகிராமை, பின்னால் பிகேஜிப்பை எழுதிய ஃபில் காட்ஸ் இன்னும் வேகமாக ஓடும்படி எழுதி விற்றார். 1988-இல் வழக்கு. ஆர்க்கின் கோடில், அதாவது புரோகிராம் வரிகளில், இருந்த குறிப்புகளும் எழுத்துப் பிழைகளும்கூட அப்படியே இவர் கோடில் இருப்பதாக நிபுணர் சொல்லிவிட்டார். பாலாஜி சொல்வதில் தப்பில்லை. ஹெண்டர்சனும் சின்னக் கடைக்காரர்தான்; ஊரே காட்ஸ் பக்கம் சேர்ந்துகொண்டு அவரை வில்லனாக்கியது அநியாயம்.

ஆனால் வழக்கு சமரசமான பிறகு காட்ஸ் என்ன செய்தார், பார். 1989-இல் புதிதாக ஜிப் என்ற வடிவத்தை உண்டாக்கி, யார் வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள் என்று அதன் விவரத்தையே வெளியிட்டுவிட்டார். இன்று ஏதாவது ஒரு வேர்டு கோப்பை, டாக்எக்ஸ்தான், உள்ளே அதுவும் ஜிப்தான், நோட்பேடில் திறந்து பார். குப்பையாக எழுத்துகள் கொட்டும். முதல் இரண்டு மட்டும் ‘பி’, ‘கே’. அவர் இனிஷியல். எக்செல் கோப்பிலும் உண்டு, உன் போனில் ஏற்றுகிற ஏபிகே என்ற செயலிக் கோப்பு ஒவ்வொன்றிலும் உண்டு. வின்ராருக்கு அப்படி ஒரு எழுத்து எங்கே இருக்கிறது?

அந்த மனிதர் 2000 ஏப்ரலில் மில்வாக்கியில் ஒரு மோட்டல் அறையில் இறந்துகிடந்தார். வயது முப்பத்தேழு. குடி. இதைச் சொன்னதும் பாலாஜி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அனுதாப ஓட்டு செல்லாது” என்றான். கடங்காரன்!

விருதே வேண்டாம் என்பதும் அவனுடைய இன்னொரு கட்சி. 2007-இல் ஆண்டி பிரைஸ் என்ற இங்கிலாந்துக்காரர், ‘இந்த புரோகிராம் ஒன்றுமே செய்யாது’ என்று எழுதிய வெறும் டெக்ஸ்ட் கோப்புக்கு எக்ஸ்இ, அதாவது ஓடுகிற புரோகிராம், என்று பெயர் மாற்றி டவுன்லோட் தளங்களுக்கு அனுப்பினாராம். பதினாறு விருது வந்தது. ஐந்து நட்சத்திரம் வேறு! அதனால்தான் சொல்கிறேன், நாம் மூன்று பேராவது ஓட்டிப் பார்த்த சாமானுக்குக் கொடுப்போம்.

இரண்டுக்கும் பாதிப் பாதி என்று மட்டும் எழுதாதே. ஹாஸ்டல் மெஸ் எலெக்‌ஷனில் நீ செய்தது போதும். மலர் அச்சுக்குப் போவதற்குள் ஒரு வரி போடு. ஹெண்டர்சனுக்கு ஒரு தனிப் பரிசு வைக்கலாமா என்றும் சொல். பாலாஜி உனக்குப் போன் செய்து காக்கா பிடிப்பான், எடுக்காதே.

அன்புடன்,
சீனு